பாடம்: வாகனம் ‘முழு இழப்பு’ என்று சொல்லப்பட்டால் – கையொப்பமிடும் முன் கேட்க வேண்டிய மூன்று தொகைகள்

இந்தப் பாடம் யாருக்கு?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மழையில் வெள்ளமோ மண்சரிவோ உங்கள் வாகனத்தை அழித்திருக்கலாம். இப்போது நீங்கள் பல்லேகமவுக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் திரும்பி வருகிறீர்கள். அப்படியான குடும்பங்களுக்காகவே இது எழுதப்பட்டது. அந்த நாட்களில் மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பதிவானது. நக்கிள்ஸ் மலைச்சரிவில் வாழும் நமக்குக் கார், வான், முச்சக்கரவண்டி, சிறிய லொறி எல்லாமே சம்பாதிக்கும் கருவிகள். ரத்தோட்டைக்கும் இலுக்கும்புரவுக்கும் நோயாளியைக் கொண்டுபோவதும், தோட்டத்து மிளகைச் சந்தைக்கு ஏற்றுவதும் அவற்றில்தான். ஆகவே காப்புறுதிப் பணம் சரியாக வருமா என்பது வீட்டு அடுப்போடு தொடர்புடைய கேள்வி.

இந்தப் பாடத்தில் நீங்கள் தெரிந்துகொள்ளப் போவது:
• ‘முழு இழப்பு’ என்றால் என்ன, அதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்
• கோரிக்கைக்குத் தேவையான சான்றுகளை இப்போது எப்படிச் சேர்ப்பது
• லீசிங் கடன் இருந்தால் பணம் யாருக்குப் போகும்
• தொகை குறைவென்று பட்டால் எங்கே போவது

முதலில் ஒன்றைப் பாருங்கள்: உங்களிடம் எந்தக் காப்புறுதி?

இலங்கையில் வீதியில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. உங்களிடம் அது மட்டும் இருந்தால், வெள்ளத்தில் போன உங்கள் சொந்த வாகனத்துக்குப் பணம் கிடைக்காது. “நான் எடுத்துத் தருகிறேன், முதலில் ஐயாயிரம் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கும் பொருட்களுக்கும் கிடைக்கக்கூடிய அரச உதவி பற்றிக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

முழுமையான காப்புறுதி இருந்தால் பத்திரத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். முதலாவது, வெள்ளம், புயல், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்கள் உள்ளடக்கப்பட்டுள்ளனவா என்பது. சில பத்திரங்களில் இவை தனிப் பிரிவாக, கூடுதல் கட்டணத்துடன் சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டாவது, பயன்பாடு ‘தனிப்பட்ட பாவனை’யா ‘வாடகை’யா என்பது. தனிப்பட்ட பாவனை என்று எழுதி, வாடகைக்கு ஓடும்போது சேதமாகியிருந்தால் நிறுவனம் மறுக்க இடமுண்டு. வீட்டு முற்றத்தில் நின்றபோது மண் விழுந்திருந்தால் அதைத் தெளிவாக எழுதுங்கள். மூன்றாவது, காப்புறுதி செய்யப்பட்ட தொகையும், ‘எக்ஸஸ்’ என்று சொல்லப்படும், நீங்களே ஏற்க வேண்டிய பங்கும்.

பத்திரம் மண்ணோடு போய்விட்டதா? கவலை வேண்டாம். வாகன இலக்கத்தையோ அடையாள அட்டை இலக்கத்தையோ கொடுத்தால் நிறுவனம் பிரதி எடுத்துத் தரும். வாகனக் கண்ணாடியில் ஒட்டிய காப்புறுதி அட்டையின் படமும், முன்பு பணம் கட்டியபோது வந்த குறுஞ்செய்தியும்கூட உதவும்.

‘முழு இழப்பு’ என்றால் என்ன?

வாகனம் துண்டுதுண்டாகிவிட்டது என்பது அதன் பொருள் அல்ல. பார்ப்பதற்கு முழுசாக நிற்கும் காரும் முழு இழப்பாகலாம். அது ஒரு கணக்கு. திருத்துவதைவிட, பணத்தைக் கொடுத்துவிட்டு உடைந்த வாகனத்தை விற்பது நிறுவனத்துக்குச் செலவு குறைவு என்று கணக்கு காட்டினால், அதை முழு இழப்பு என்கிறார்கள். திருத்தச் செலவு பெறுமதியில் எந்த விகிதத்தைத் தாண்டினால் இப்படித் தீர்மானிப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் நிறுவனத்தின் விகிதம் என்ன என்று கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு புரிவதற்காகத் தந்த எண்கள் இவை:

மழைக்கு முதல் நாள் சந்தைப் பெறுமதி: 40 இலட்சம்
காப்புறுதித் தொகை: 40 இலட்சம்
திருத்தச் செலவு மதிப்பீடு: 32 இலட்சம்
இப்போது உள்ள நிலையில் விற்றால் கிடைப்பது: 10 இலட்சம்

திருத்தினால் நிறுவனத்துக்குச் செலவு 32 இலட்சம். உங்களுக்கு 40 இலட்சம் கொடுத்து, உடைந்த வாகனத்தைத் தான் எடுத்து 10 இலட்சத்துக்கு விற்றால் செலவு 30 இலட்சம்தான். ஆகவே முழு இழப்பு என்கிறது.

இந்தக் கணக்கில் நீங்கள் கேட்க வேண்டிய மூன்று தொகைகள் இருக்கின்றன:
1. சேதத்துக்குச் சற்று முன் இருந்த சந்தைப் பெறுமதி
2. காப்புறுதி செய்யப்பட்ட தொகை
3. உடைந்த வாகனத்தின் பெறுமதி, அதாவது கழிவுப் பெறுமதி

பெரும்பாலான பத்திரங்களில் முதலிரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். மூன்றாவது தொகை, வாகனத்தை நீங்களே வைத்துக்கொண்டால் கழிக்கப்படும். மூன்றையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். தராத வரை எந்தத் தீர்வுப் படிவத்திலும் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம்.

பெறுமதி ஏன் இவ்வளவு மாறுகிறது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் பெரும் சரிவைக் கண்டது. பழைய வாகனங்களின் விலை வேகமாக ஏறியது. தனிப்பட்ட வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தக் காலத்தில் பலர் பத்திரத்தைப் புதுப்பித்தபோது பழைய தொகையையே விட்டுவிட்டார்கள், கட்டணம் குறைவாக இருக்குமென்று. அதன் விளைவு இப்போது தெரிகிறது.

வாகனத்தின் சந்தைப் பெறுமதி 40 இலட்சம், காப்புறுதித் தொகை 25 இலட்சம் என்று வையுங்கள். முழு இழப்பானால் 25 இலட்சம்தான் உச்சம். அதோடு, சில பத்திரங்களில் ‘சராசரி விதி’ உண்டு. அப்படியானால் 8 இலட்சத் திருத்தச் செலவுக்குக்கூட முழுவதும் கிடைக்காது. 40இல் 25 என்ற விகிதத்தில் 5 இலட்சமே வரும். இந்த விதி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைச் சொல்லிக் கழிக்க இடமில்லை.

மறுபுறம், சந்தைப் பெறுமதி குறைந்துவிட்டதென்று நிறுவனம் சொல்லலாம். அதற்குப் பதில் சான்றுதான். மழைக்கு முந்தைய வாரங்களில், அதாவது 2025 நவம்பரில் வெளியான, அதே வகை, அதே ஆண்டு, ஏறக்குறைய அதே தூரம் ஓடிய வாகனங்களின் விளம்பரங்கள் மூன்று நான்கைச் சேருங்கள். நீங்கள் அண்மையில் மாற்றிய டயர், பற்றரி, செய்த எஞ்சின் வேலை ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளையும் இணையுங்கள்.

சான்றுகளை இப்போதே சேருங்கள்

1. எஞ்சினை இயக்கிப் பார்க்காதீர்கள். நீர் புகுந்த எஞ்சினைத் திருப்பினால் உள்ளே மேலும் உடையும், அந்தச் சேதம் உங்கள் தலையில் விழலாம். ஹைப்ரிட் வாகனமானால் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே வேண்டாம்.

2. கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். கதவிலும் இருக்கையிலும் நீர் ஏறிய அடையாளக் கோடு மிக முக்கியம். நான்கு பக்கமும், இலக்கத் தகடு, செசி இலக்கம், மீற்றர், எஞ்சின் பகுதி, உள்ளே படிந்த சேறு என்று எல்லாவற்றையும் எடுங்கள். வீடும் மண்சரிவும் சேர்ந்து தெரியும் தூரப் படம் ஒன்றும் வேண்டும்.

3. மண்ணுக்குள் புதைந்த வாகனத்தை நீங்களே தோண்டாதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை இன்னும் நீங்காத சரிவில் எந்த வாகனமும் உயிருக்கு ஈடாகாது. ஆபத்து இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.

4. நிறுவனம் பார்க்கும் வரை கராஜில் கழற்ற விடாதீர்கள். ஆனால் மேலும் சேதமாகாமல் காப்பது உங்கள் கடமை. தறப்பாள் போடுங்கள், மழைநீர் ஓட வழிவிடுங்கள், திருட்டுப் போகாமல் பாருங்கள். இழுத்துச் செல்லும் செலவுக்குப் பற்றுச்சீட்டு எடுங்கள்.

5. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும், வாகனம் எங்கே, எப்போது, எப்படிச் சேதமானது என்று கிராம உத்தியோகத்தர் தந்த கடிதமும் பெறுங்கள். அரச அலுவலகங்களில் தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை, வாசித்து விளக்கும்படி கேட்ட பின்பே கையொப்பமிடுங்கள்.

6. அறிவிப்பதில் தாமதமா? பல குடும்பங்கள் பாதுகாப்பு நிலையங்களில் இருந்தன, தொலைபேசியும் வீதியும் இல்லை. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை எந்த நிலையத்தில் இருந்தீர்கள் என்று கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி, தாமதத்துக்கான காரணத்தைக் கோரிக்கையோடு எழுதிக் கொடுங்கள்.

முகவரி பற்றி ஒரு குறிப்பு. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரை விட்டு, 2018இல் திறக்கப்பட்ட புதிய லக்கலை நகருக்கு வந்த குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்களுடைய வாகனப் பதிவுச் சான்றிதழில் இன்னும் பழைய முகவரி இருக்கலாம். கடிதங்கள் அங்கே போய்த் தவறிவிடும். இப்போதைய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டு முகவரியும் ஒரே குடும்பத்துக்குரியவை என்று கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் இணையுங்கள்.

பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி பெறலாம். வாகன உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசுகளின் ஆவணங்களும் கேட்பார்கள். உரிமையாளர் காணாமற் போயிருந்தால் என்ன ஆவணம் பெறலாம் என்று லக்கல-பல்லேகம பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதுவரை கோரிக்கையை நிறுவனத்தில் பதிவுசெய்து வையுங்கள், காத்திருந்து காலத்தைக் கடத்த வேண்டாம்.

லீசிங் இருந்தால்

லீசிங் முடியாத வாகனத்தின் முழு உரிமை லீசிங் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஆகவே காப்புறுதிப் பணம் முதலில் அங்கே போகும். மீதி இருந்தால்தான் உங்களுக்கு.

40 இலட்சம் வந்து, லீசிங் மீதி 28 இலட்சமானால் உங்களுக்கு 12 இலட்சம். 25 இலட்சமே வந்தால், வாகனமும் இல்லாமல் நீங்கள் இன்னும் 3 இலட்சம் கட்ட வேண்டியவர்.

அதனால் இரண்டு காரியங்களைச் சேர்த்தே செய்யுங்கள். காப்புறுதிக் கோரிக்கை போட்ட அன்றே லீசிங் நிறுவனத்துக்கும் எழுதி, இன்றைய திகதியில் கணக்கை முடிக்க எவ்வளவு என்ற கடிதத்தைக் கேளுங்கள். அதில் முதல், வட்டி, தாமதக் கட்டணம், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கோரிக்கை முடியும் வரை தவணையை நிறுத்திவைக்கவோ தாமதக் கட்டணத்தை நீக்கவோ கேளுங்கள். சொல்லாமல் தவணையை நிறுத்தாதீர்கள், வட்டி ஏறும். சூறாவளியால் பாதிக்கப்பட்ட கடனாளிகளுக்கு நிவாரணம் வழங்கும்படி மத்திய வங்கி 2025 டிசம்பரில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அறிவித்தது. உங்கள் கணக்குக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

உடைந்த வாகனத்தை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா?

வைத்துக்கொள்வதென்றால் கழிவுப் பெறுமதி கழிக்கப்படும். எங்கள் முதல் எடுத்துக்காட்டில் 40இல் 10 போக 30 இலட்சம், அதில் எக்ஸஸும் குறையும். உங்களையே இப்படிக் கேளுங்கள்: “இன்று கையில் 10 இலட்சம் இருந்தால், இந்த உடைந்த வாகனத்தை நான் அந்த விலைக்கு வாங்குவேனா?” ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கொடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தின் மின்கம்பிகளும் சிறு கணினிப் பெட்டிகளும் மாதங்கள் கழித்தும் கெடும். அதையும் கணக்கில் எடுங்கள். கழிவுப் பெறுமதியை எப்படி நிர்ணயித்தார்கள், கேள்விமனுவில் எவ்வளவு விலை வந்தது என்றும் கேளுங்கள். கழிவுப் பெறுமதி கூடக்கூட உங்கள் கையில் வரும் பணம் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

கொடுப்பதென்றால் வெற்றுப் படிவங்களில் கையொப்பமிடாதீர்கள். வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதப்பட்ட உரிமை மாற்றப் படிவத்தின் பிரதியை வைத்திருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். பெயர் மாறாமல் இருந்தால், நாளை யாரோ அதைத் திருத்தி ஓட்டி விபத்துக்குள்ளானால் பொலிஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வாகனத்தில் உள்ள உங்கள் சொந்தப் பொருட்கள், கடிதங்கள், கருவிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கையொப்பமிடும் நாள்

நிறுவனம் பணம் தரும் முன் ஒரு படிவம் தரும். “முழுமையும் இறுதியுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்” என்ற பொருளில் ஒரு வரி அதில் இருக்கும். அதில் கையொப்பமிட்டபின் மேலும் கேட்பது மிகக் கடினம். பிள்ளையின் பாடசாலைச் செலவும் கடையில் உள்ள கடனும் நெருக்கும்போது, வந்த தொகையை வாங்கிவிடலாம் என்றே தோன்றும். அப்படி வாங்குவதும் உங்கள் உரிமை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓரிரு நாள் படிக்க நேரம் கேளுங்கள். முரண்பாடு இல்லாத பகுதியை முதலில் தந்துவிட்டு, மீதியைப் பிறகு பேசலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தொகை குறைவென்று பட்டால் இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி, எனது வாகன இலக்கம் … . கோரிக்கை இலக்கம் … . தாங்கள் அறிவித்த … ரூபாயை நான் இன்னும் ஏற்கவில்லை. சேதத்துக்கு முன்பான சந்தைப் பெறுமதி, கழிவுப் பெறுமதி, கழிக்கப்பட்ட தொகைகள் ஆகியவற்றை எவ்வாறு கணித்தீர்கள் என்பதையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையின் பிரதியையும் எழுத்தில் தரவும். ஒப்பிடத்தக்க வாகனங்களின் விலை விளம்பரங்களையும் பற்றுச்சீட்டுகளையும் இணைத்துள்ளேன். தயவுசெய்து மீளாய்வு செய்யவும்.”

பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டை வைத்திருங்கள். கிளையில் நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

நிறுவனத்தின் பதில் திருப்தியில்லாவிட்டால்

முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் முறைப்பாடுகளுக்குப் பொறுப்பானவருக்கு எழுதுங்கள். அவருடைய இறுதிப் பதிலும் சரியில்லாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். தனிநபர்களின் காப்புறுதித் தகராறுகளைப் பார்க்க 2005இல் தொடங்கிய அலுவலகம் இது, கட்டணம் இல்லை. அடுத்தது, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. காப்புறுதி நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிப்பது இதுவே. நீதிமன்றமும் உண்டு, ஆனால் அது செலவும் காலமும் எடுக்கும். எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியது ஒரே கோப்புத்தான்: பத்திரம், படங்கள், கடிதங்கள், பதில்கள், திகதி வரிசையில்.

குடும்பமாக உட்கார்ந்து பதில் எழுதிப் பாருங்கள்

1. எங்கள் பத்திரம் மூன்றாம் தரப்பா, முழுமையானதா? இயற்கை அனர்த்தம் அதில் உண்டா?
2. 2025 நவம்பரில் எங்கள் வாகனம் என்ன விலைக்குப் போயிருக்கும்? அதற்கு என்ன சான்று இருக்கிறது?
3. காப்புறுதித் தொகை அந்த விலையைவிடக் குறைவா?
4. லீசிங் மீதி இன்று எவ்வளவு? காப்புறுதித் தொகை அதை மூடுமா?
5. உடைந்த வாகனத்தை நாங்கள் வைத்துக்கொண்டால் எவ்வளவு கழிப்பார்கள்?

இந்த ஐந்துக்கும் பதில் தாளில் எழுதப்பட்ட பின்பே பேனாவை எடுங்கள். பதில் கிடைக்காத கேள்விதான் நிறுவனத்துக்கு நீங்கள் எழுத வேண்டிய அடுத்த கடிதம். எழுத உதவி வேண்டுமானால் எங்கள் உதவி மேசைக்கு இந்தத் தாளையும் கோப்பையும் கொண்டு வாருங்கள். வீட்டுப் பெரியவர் மட்டும் வர வேண்டும் என்றில்லை. வாகனத்தை ஓட்டியவரும், வீட்டுக் கணக்கைப் பார்ப்பவரும் சேர்ந்து வந்தால் நல்லது.